முட்டி வலிக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. எடை 76 கிலோ. நாலைந்து வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன்தான்’ என்றார்கள். சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வலி தாங்காத நாளில் மட்டும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கினோம், இப்போது அது தினமும் என்றாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லைப்புறத்தில், குந்தி உட்கார்ந்து எழும் வகை. அதற்குப் பயந்து பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். நடந்தால் இன்னும் தேயும் என்று தெருவில் சொன்னதால் நடப்பதையும் விட்டுவிட்டார். நாங்களும் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் வலி கூடிக்கொண்டேதான் போகிறது. ‘உங்களுக்குப் பாரமாயிட்டேன்’ என்று அழுகிறார். முடவாட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தோம். முட்டியில் ஜெல் ஊசி போடலாம் என்றும் சொல்கிறார்கள். ஆபரேஷனுக்கு அவருக்கு இஷ்டமில்லை. என்ன செய்வது?
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆபரேஷன் வேண்டுமா, ஊசி போடலாமா என்பதைப் பிறகு பேசலாம். அவை காத்திருக்கும். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம் காத்திருக்காது. கழிப்பறைக்குப் பயந்து உங்கள் அத்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டுத் தேய்மானத்தோடு என்னிடம் வரும் பெண்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டால் தவிர வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்கள் கவனித்து எழுதியதே பெரிய உதவி.

உங்கள் அத்தை விஷயத்தில் இது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். அவர் தினமும் விழுங்கும் வலி மாத்திரை, டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கலாம். இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. இப்போது அவருடைய பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், எனலாப்ரில் என்று ஏதாவது இருக்கிறதா? பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் சிறுநீரை அதிகம் போகச்செய்யும் மருந்தும் அதில் சேர்ந்திருக்கும். இந்த பிபி மருந்துகள் நல்ல மருந்துகள்தான். ஆனால் அவற்றோடு தினமும் வலி மாத்திரையும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். சர்க்கரை இருப்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். வலி மாத்திரையால் பிபி ஏறுவதும், வயிற்றில் புண் உண்டாகி ரத்தம் கசிவதும் தனி.

அதனால் இந்த வாரத்துக்குள் மூன்று காரியம் நடக்க வேண்டும். மெடிக்கலில் நேராகப் போய் வலி மாத்திரை வாங்குவதை நிறுத்துங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அவருக்கு வழக்கமாக பிபி, சர்க்கரை பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். இதயமோ சிறுநீரகமோ பாதித்து, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே யாரும் சொல்லியிருந்தால் தவிர, தாகத்துக்கு வேண்டிய தண்ணீரைக் குடிக்கட்டும். இரவில் எழுந்து போவது சிரமம் என்றால், பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிட்டு, அதற்கப்புறம் கொஞ்சமாகக் குடித்தால் போதும்.

மாத்திரையை நிறுத்தினால் வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முழங்கால் மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதால், மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் அதற்கு நன்றாகவே வேலை செய்யும். ரத்தத்தில் கலப்பது மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இருந்தாலும் கிரியேட்டினின் முடிவு வந்ததும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பொட்டு அளவு தொட்டுத் தடவினால் பலன் தெரியாது. முட்டி முழுவதும் படும்படி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு மூன்று வாரம் விடாமல் தடவிப் பாருங்கள். தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் கொடுக்காதீர்கள். காலையில் முட்டி பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஜெல் தடவுவதற்கு முன்னால், பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். அதனால் சூட்டை அத்தையின் கையை நம்பி விடாமல், உங்கள் கையில் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

அடுத்து கழிப்பறை. உங்கள் வீட்டில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் அதுதான், ஜெல் ஊசி அல்ல. மேற்கத்திய பேஸின் வைக்க வசதியிருந்தால் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் சர்ஜிக்கல் கடைகளில் நடுவில் துளை போட்ட கமோடு நாற்காலி விற்கிறார்கள். இப்போது இருக்கும் பேஸினுக்கு மேலேயே அதை நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு வைக்கும் வழக்கம் ஊரில் உண்டு. வேண்டாம், ஈரத் தரையில் அதன் கால் விரிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். அத்தையை நிற்கவைத்து, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். உட்காரும் உயரம் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுவது எளிது. பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றை ஸ்குரூ போட்டு உறுதியாகப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. கொல்லைக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு, வாசற்படி உயரமாக இருந்தால் இடையில் ஒரு சின்னப் படி. இவ்வளவும் ஆனபிறகு பாருங்கள், தண்ணீர்ச் செம்பை அவரே கேட்டு வாங்குவார்.

இனி, நடந்தால் தேயும் என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் அத்தையின் வலியைக் கூட்டியதில் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மூட்டின் முனைகளில் இருக்கும் குருத்தெலும்புக்கு, அதாவது நீங்கள் ‘ஜவ்வு’ என்று எழுதியதற்கு, தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. கால் ஊன்றும்போது அழுத்தம் விழுந்து, எடுக்கும்போது விலகினால்தான் அந்த நீர் உள்ளே போய்வரும். அசையாமல் வைத்திருந்தால் அதுவும் குறைகிறது. அதைவிட முக்கியம், முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் முன்தொடைத் தசை உட்கார்ந்தே இருந்தால் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். தசை மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டின் மேல் விழும். வலி கூடும். வலி கூடினால் இன்னும் நடக்கமாட்டார். உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. வலி அதைச் சுற்றியுள்ள எலும்பு, மூட்டின் உள்சவ்வு, தசை, தசைநார் ஆகியவற்றிலிருந்து வருகிறது. எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தெரியும் முட்டியோடு வயலில் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், படத்தில் கொஞ்சமே தேய்ந்திருக்க, படியேற முடியாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் அந்தப் படத்தை மட்டும் பார்த்து அத்தையின் காலத்தை யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

பயிற்சியைக் கட்டிலிலேயே ஆரம்பிக்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டைக் கீழே அழுத்துவது போல முட்டியை அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலை மாலை இரு வேளை. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சை அடக்கினால் பிபி ஏறும். ஒரு வாரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிப் பிடித்து இறக்குவது. பிறகு, கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, உட்கார்ந்து எழுந்து பழகுவது. ஆரம்பத்தில் நாற்காலிமேல் கெட்டியான மெத்தையோ பலகையோ போட்டு உயர்த்திக்கொள்ளலாம். கையை ஊன்றி எழுந்தால் தப்பில்லை. பழகப் பழக உயரத்தையும் கைபலத்தையும் குறைக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்ல அனுமதி என்றால் இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான் சொல்வேன். கழிப்பறையிலும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் அவருக்குத் தேவைப்படுவது இதே அசைவு.

பயிற்சி செய்யும்போது வலிக்கும். அந்த வலியைப் பார்த்து நீங்களும் பயப்படாதீர்கள். பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, அல்லது முட்டி வீங்கிக்கொண்டது என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிட வேண்டாம். நடையும் அப்படித்தான். சமதரையில் ஐந்து நிமிடம் காலை, ஐந்து நிமிடம் மாலை என்று தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவும் வழியிருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி) வீடு தேடி வருகிறது. உங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம், முட்டி வலிக்கு இயன்முறை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று நினைத்துப் பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

கைத்தடி வாங்குங்கள். வலது முட்டி அதிகம் வலிக்கிறது என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கத்திலேயே பிடிப்பது எல்லோரும் செய்கிற தவறு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி வர வேண்டும். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போட்டு நடக்கட்டும், சர்க்கரை இருக்கும் காலுக்கும் அது பாதுகாப்பு. முட்டியில் மாட்டும் உறை (நீ-கேப்) நடக்கும்போது தைரியம் தரும் என்றால் போடலாம், இரவில் கழற்றிவிட வேண்டும்.

தரையில் உட்காரவே கூடாதா என்பது அடுத்து வரும் கேள்வி. பாயில் படுத்து எழுவதும், அரிவாள்மனை முன்னால் குந்துவதும், தினம் பல தடவை நடந்தால் முட்டிக்குக் கஷ்டம்தான். கட்டிலும், கையிருக்கும் நாற்காலியும், மேஜைமேல் கத்தியும் பலகையும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு ஒரு நாள் தரையில் உட்கார்ந்தால் முட்டி கெட்டுப்போகாது. எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி பக்கத்தில் இருந்தால் போதும். அவரை எழுப்பும்போது யாரும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் விலகவும் உங்கள் முதுகு பிடித்துக்கொள்ளவும் அதுவே போதும். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முட்டிக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்து அவரே எழட்டும். நீங்கள் இடுப்பருகே கை வைத்துத் துணையாக நின்றால் போதும்.

‘ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. இருந்தாலும் அவருடைய அழுகைக்குக் காரணம் பாதி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நாற்பது வருடம் ஒரு வீட்டை நடத்தியவரை ஒரு மூலையில் உட்காரவைத்தால், பாரமாகிவிட்டேன் என்றுதான் தோன்றும். உயரமான ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து தாளிக்கலாம். மேஜைமுன் உட்கார்ந்து காய் நறுக்கலாம், கீரை ஆயலாம், பூ கட்டலாம். வாசலில் முட்டியை மடக்காமல், இடுப்பிலிருந்து குனிந்து சின்னதாய்ப் புள்ளி வைத்துக் கோலம் போட முடிந்தால் போடட்டும். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, தண்ணீர்க் குடம், ஈரப் போர்வை பிழிவது, இவற்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவரே சொல்லட்டும்.

பயணமும் அப்படித்தான். ரயிலில் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் படுக்கை ஒதுக்குவதில் முன்னுரிமை உண்டு, டிக்கெட் எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். பழனிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் விஞ்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன, படியேறித்தான் போக வேண்டும் என்பதில்லை.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அத்தை ஐந்து கிலோ குறைந்தால் முட்டிக்கு இருபது கிலோ இறங்கும். ஆறு மாதத்தில் அது முடியக்கூடியதுதான். பட்டினி வேண்டாம், சர்க்கரை மாத்திரையோடு பட்டினி கிடந்தால் மயங்கி விழுவார். சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் இவற்றைக் கூட்டுங்கள். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் இதை ஆரம்பிப்பது நல்லது. முடவாட்டுக்கால் சூப் அவருக்குப் பிடித்திருந்தால் குடிக்கட்டும். ஜவ்வை அது வளர்க்காது, பிரண்டைத் துவையலும் கால்சியம் மாத்திரையும் வளர்க்காது. ஆனால் பெயர் ஒட்டாத பொடி, உருண்டை எதுவும் வாங்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. முகம் ஊதும், சர்க்கரை எகிறும்.

மூட்டுக்குள் வழுவழுப்புக்காகப் போடும் ஜெல் ஊசிக்கு நிறையச் செலவாகும், கிடைக்கும் பலன் சொற்பம். நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி வேறு. முட்டி வீங்கி, பயிற்சிகூடச் செய்ய முடியாத சமயத்தில் சில வாரங்களுக்கு நிம்மதி தரும். சர்க்கரை சில நாள் ஏறி இறங்கும் என்பதால் அந்த வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் போடக் கூடாது.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல சிகிச்சை. அதைப் பற்றி வீட்டில் பயமுறுத்திப் பேச வேண்டாம். மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 வருடம் வரை தாங்குகின்றன. அதே சமயம், செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவருக்காவது வலி முழுதாகப் போவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, எடையும் கொஞ்சம் குறைத்து, அப்போதும் இரவில் வலி தூங்கவிடவில்லை, வீட்டுக்குள் நடப்பதே பாடு என்றால், அப்போது அவரே அதைக் கேட்கக்கூடும். அந்த மூன்று மாதப் பயிற்சி வீண்போகாது. பலமான தொடையோடு ஆபரேஷனுக்குப் போகிறவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார். அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் கிருமித்தொற்று பயம் உண்டு. செலவுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் உங்கள் அட்டையைக் காட்டி விசாரியுங்கள். செயற்கை மூட்டுகளின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. தனியார் மருத்துவமனை என்றால் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்கலாம்.

சில அறிகுறிகள் வந்தால் இந்தப் பயிற்சியெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முட்டி திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போனால். சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, அது வலி மாத்திரையின் வேலையாக இருக்கலாம். காலையில் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கக்கூடும், அதற்கு மருந்தே வேறு.

மருத்துவரிடம் போகும்போது அத்தையையே பேச விடுங்கள். எங்கே வலிக்கிறது என்பதோடு, எதைச் செய்ய முடியாமல் போனது அவருக்கு அதிகம் வருத்தம் தருகிறது என்பதையும் அவர் வாயால் சொல்லட்டும். கோயிலா, கொல்லைப்புறமா, அடுப்படியா என்று தெரிந்தால், எந்த அசைவை முதலில் மீட்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் அதிலிருந்து திட்டம் போடுவார். கிரியேட்டினின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், பிபி மாத்திரையின் பெயரையும் சேர்த்து.